விரலுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று

தொடுதிரை வடிவமைப்பை மேஜைக் கம்ப்யூட்டரில் திணித்து மைக்ரோசாஃப்ட் கற்ற பாடம் இந்தியாவுக்கும் தேவை

பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ்மூலையில் இருந்த பொத்தான் ஒரே நாளில் காணாமல் போனது. 2012 அக்டோபர் 26ல் வெளியான விண்டோஸ் 8ல், 1995லிருந்து பழகிய 'ஸ்டார்ட்' பொத்தான் இல்லை. பதிலாகத் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். கீபோர்டும் மவுஸுமாக வேலை பார்த்தவர்கள் கம்ப்யூட்டரை அணைக்கும் வழியைக்கூடத் தேட வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்டின் கணக்கு எளிமையானது. ஐபோன் (2007), ஐபேட் (2010) ஆகியவற்றின் வெற்றி மக்களைத் தொடுதிரைப் பக்கம் இழுத்திருந்தது. டேப்லெட், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் ஒரே முகம் இருந்தால் என்ன? கணக்கில் விடுபட்டது மனிதனின் கை.

மவுஸ் அம்புக்குறியின் முனை ஒரு புள்ளி. விரல் அப்படியல்ல. தொடும் இடத்தையே அது மறைத்துவிடும். எனவேதான் ஆண்ட்ராய்டு செயலிகளில் தொடும் பகுதி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டுதல். மேஜைத் திரையிலோ அத்தனை பெரிய பொத்தான்கள் இடத்தை விழுங்கிவிடும்.

மவுஸை ஒரு சொல்லின் மேல் கொண்டுபோய், அழுத்தாமல் நிறுத்தினாலே பட்டியல் விரியும்படி செய்யலாம். விரலுக்கு அந்த வசதி இல்லை, தொட்டால் தொட்டதுதான்.

இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே அதை எட்டும் நேரம் அமையும் என்று 1954லேயே விளக்கினார் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ். மேஜைத் திரையின் மூலைகள் மவுஸுக்குச் சுலபம். வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி விளிம்பில் நின்றுவிடும். ஒரு கையில் பிடித்த போனிலோ, மேல்மூலைதான் கட்டைவிரலுக்கு எட்டாத இடம். நிமிர்ந்து நிற்கும் திரையை நாளெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தால் தோள் வலிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் படிப்படியாக இறங்கி வந்தது. 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1ல் பொத்தான் திரும்பியது. ஆனால் அழுத்தினால் வந்தது அதே கட்டங்கள்தான். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10தான் பழைய பட்டியலை மீட்டது. டேப்லெட்டுக்கெனத் தனி முறையும் அதில் இருந்தது.

இந்தியாவில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. இங்கே லட்சக்கணக்கானோருக்கு முதல் கம்ப்யூட்டரே கையிலுள்ள போன்தான். ஆனால் அவர்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் பல, பெரிய திரையின் முன் அமர்ந்து வடிவமைக்கப்பட்டவை. மவுஸ் இல்லாமல் விரியாத பட்டியல்கள். பிறந்த ஆண்டுக்குப் போக மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ள வேண்டிய பொடி நாட்காட்டி. திரைக்கு வெளியே ஓடும் அட்டவணை. கடைசிப் பக்கத்தில் விரல் தவறி 'ரத்து' பொத்தானில் பட்டால் அத்தனையும் போச்சு.

இதன் விலையைக் கொடுப்பவர் வடிவமைத்தவர் அல்ல. ஓய்வூதியத்துக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிப்பவர், கையில் போன் இருந்தும், பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து இன்னொருவரிடம் தன் விவரங்களையெல்லாம் ஒப்படைக்கிறார். தனக்குப் படிப்பு போதவில்லை என்றும் நினைத்துக்கொள்கிறார்.

பரிகாரத்துக்குச் செலவு அதிகமில்லை. படிவத்தை வெளியிடும் முன் அதிகாரி ஒருவர் அதைத் தன் போனில், ஒரே கையால், கடைசிவரை நிரப்பிப் பார்த்தால் போதும்.