முந்திரித் தோப்புகளும் மின்னல் தீயும்

மனிதர் மூட்டாமல் காடுகளில் தானே பற்றும் தீக்கு மின்னலே முக்கிய காரணமாகும். கலிபோர்னியாவில் 2020ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் விழுந்த மின்னல்களால் உண்டான பல தீக்கள் ஒன்றுகூடி, 10 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை எரித்தன. அத்தகைய பிரதேசங்களில் மேகத்தினின்றும் இறங்கும் மழைத்துளிகள் வறண்ட காற்றில் ஆவியாகிவிட, மின்னல் மாத்திரமே தரையைச் சேர்வதுண்டு.

நமது தேசத்துக் காட்டுத்தீக்களிற் பெரும்பாலானவை மனிதராலேயே விளைகின்றன. கோடையிடி பெரும்பாலும் மழையுடன் வருதலால் பற்றிய நெருப்பு அணைந்துபோகும். எனினும் இதையே நம்பி வாளாவிருத்தல் தகாது. நெய்வேலியை அடுத்த வடக்குத்திலும், பண்ருட்டி வட்டாரத்திலும் முந்திரித் தோப்புகள் மிகுதி. கொட்டை பொறுக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே கோடையிடியின் காலமுமாம். அப்போது மரத்தடியில் சருகு தடித்துக் கிடக்கும். கொட்டையின் ஓட்டிலோ எளிதில் எரியும் எண்ணெய் உண்டு.

மின்னல் தாக்கிய மரம் உடனே எரியாவிடில் அபாயம் நீங்கிற்றென்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மின்னலின் வெப்பம் ஏறக்குறைய 30,000 டிகிரி சென்டிகிரேடு ஆயினும், அதன் பெரும்பகுதி இமைப்பொழுதில் மறைகிறது. மின்னோட்டம் சற்றே நீடித்த வீழ்ச்சிதான் தீயை உண்டாக்குகிறது. அத்தீ பொந்திலோ, உலர்ந்த வேரிலோ, மக்கிய சருகின் அடியிலோ புகையும் தெரியாமல் சில நாட்கள் கனன்றிருந்து, காற்றெழும்பொழுது சுவாலையாகக் கிளம்பும். பொந்துள்ள பழைய மரங்களும் பட்ட பனைகளும் இவ்வகையில் மிகவும் கெட்டவை.

ஆகவே, கோடைக்கு முன்னரே தோப்பின் எல்லையைச் சுற்றி 10 அடி அகலத்திற்குச் சருகும் புல்லும் இன்றி மண் தெரியுமாறு செதுக்கிவிட வேண்டும். வாரிய சருகைக் கொளுத்துவது இருவகை நஷ்டம்: தீ பரவக்கூடும், நிலத்திற்குரிய எருவும் வீணாகும். பள்ளங்களில் இட்டு மண் மூடினால் அது நாளடைவில் மக்கி உரமாகும். முந்திரியின் கிளைகள் தாழ்ந்து தரையைத் தொடுவனவாதலின் அடிக்கிளைகளைக் கழித்தல் அவசியம். இன்றேல் சருகிற் பற்றிய தீ எளிதில் உச்சிக்கு ஏறும்.

இடி முழங்கும்போது கொட்டை பொறுக்குவோர் மரத்தடியில் ஒதுங்கலாகாது. வேலையை நிறுத்தி வீடுகளுக்குட் சென்றுவிட வேண்டும். தோப்பு போனால் மீண்டும் வைக்கலாம். இடி முற்றும் ஓய்ந்து அரைமணி சென்றபின், தாக்குண்ட மரத்தைச் சுற்றிச் சருகை அகற்றி, அடியை வெட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் வரை காலை மாலை கவனித்து வருக.