நாயின் காதுக்குள் கோப்பித்தூள் போல் அழுக்கா?

இரவில் காட்டுப்பன்றி தோட்ட வேலியை நெருங்கும்போது அதை முதலில் அறிவது நாயின் காதே. ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், நாய் மட்டும் கூப்பிடாமலே பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. புது இடத்தில் கொட்டிலுக்குக் கதவு போடும்வரை காவலும் அதுவே. அப்படிப்பட்ட நாய் ஓயாமல் தலையை உதறி, பின்னங்காலால் காதைப் பிறாண்டி, இரவெல்லாம் அனுங்கத் தொடங்கினால் 'சொறி பிடித்துவிட்டது' என்று கல்லெறிந்து கலைத்துவிடுகிறோம். பல வேளைகளில் அது சொறியல்ல, காதுச் சிற்றுண்ணி. தேங்காய் எண்ணெயும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் அநேகமாக வீட்டிலேயே அதைக் கட்டுப்படுத்தலாம்.

மிளகாய்க் கன்றின் இலையைச் சுருளச் செய்யும் சிற்றுண்ணியை விவசாயிகள் அறிவார்கள். நாயின் காதில் வாழ்வது அதன் தூரத்து உறவு. அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த வெண்ணிறப் பூச்சி. இது தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. காதுக் குழாயின் மேற்தோலில் ஊர்ந்து, அங்குள்ள கழிவையும் ஊனநீரையும் உண்டு வாழ்கிறது. அதனால் தோல் அழன்று, மெழுகும் உலர்ந்த இரத்தமும் சேர்ந்து கோப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு உண்டாகிறது.

நாய் படும் வேதனை எப்படிப்பட்டது என்பதை ஒருவர் தாமே சோதித்துப் பார்த்தார். அமெரிக்க மிருக வைத்தியர் றொபேட் லோபெஸ் என்பவர், பூனையின் காதிலிருந்து எடுத்த சிற்றுண்ணிகளைத் தமது காதிலேயே விட்டுப் பார்த்து, அந்த அனுபவத்தை 1993ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். பூச்சிகள் அசையும் ஓசை காதுக்குள் பெரிதாகக் கேட்டதாகவும், நள்ளிரவுக்குப் பின் கடியும் ஊரலும் தாங்க முடியாமல் போனதாகவும் அவர் குறிப்பிட்டார். நமது நாய் இரவில் ஏன் உறங்குவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. (பயப்பட வேண்டாம். மனிதரின் காதில் இது தானாகக் குடியேறுவது மிக அரிது.)

நோயை அறிவதற்கு ஒரு எளிய வழி உண்டு. காது மடலின் உட்புறத்திலுள்ள அழுக்கைச் சிறிது பஞ்சில் எடுத்து, ஒரு கறுப்புக் கடதாசியில் தட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அது சிற்றுண்ணியே. பிள்ளைகளின் கண் இதற்கு நல்லது. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. புள்ளிகள் தெரியாவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. ஆனால் அழுக்கு ஈரமாக, மஞ்சளாக, நாற்றமடித்தால் அது வேறு நோய். எண்ணெய் அதற்கு மருந்தாகாது. காது விளிம்பில் மயிர் உதிர்ந்து பொருக்குக் கட்டி, வீட்டாருக்கும் ஊரல் எடுத்தால் அது தோலைத் துளைக்கும் சொறிப்பூச்சியாக இருக்கலாம்.

எண்ணெய் விடுமுன் நாயின் காது எப்படி அமைந்துள்ளது என்று அறிந்துகொள்ளுங்கள். அதன் குழாய் முதலில் நேர்கீழாக இறங்கி, பின் மடங்கி உள்ளே செல்கிறது. குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குடைந்தால் அழுக்கு அந்த மடிப்புக்குள் இறுகிவிடும். ஆகவே குச்சி வேண்டாம். தூய தேங்காய் எண்ணெயைக் கைபொறுக்கும் இளஞ்சூட்டில், வளர்ந்த நாய்க்கு அரைத் தேக்கரண்டியளவும், குட்டிக்கும் பூனைக்கும் சில துளிகளும் காதுக்குள் விடுங்கள். காதின் அடிப்புறத்தை வெளியிலிருந்து ஒரு நிமிடம் மெதுவாகப் பிசைந்தால் உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். பிறகு கையை விடுங்கள். நாய் தானே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். அதை விரலில் சுற்றிய பழந்துணியால் துடையுங்கள். நோவினால் சாதுவான நாயும் கடிக்கக்கூடும். ஒருவர் பிடிக்க, துணிநாடாவால் வாயை மெல்லக் கட்டிக்கொள்வது நல்லது. கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பலர் தவறவிடுவது இனித்தான். எண்ணெய் பூச்சியை மூச்சடைத்துக் கொல்லுமே தவிர முட்டையை முற்றாக அழிக்காது. முட்டை நாலு நாளளவில் பொரிக்கிறது. அது வளர்ந்து மீண்டும் முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம். ஐந்தாம் நாள் ஊரல் குறைந்ததும் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தால், மாத முடிவில் எல்லாம் பழையபடிதான். முதல் வாரம் தினமும், பின்பு ஒன்றுவிட்டொரு நாளும் என நாலு வாரம் முடியும்வரை விடாமல் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம் அயல். கொட்டில்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் பல ஊர் நாய்களும் பூனைகளும் ஒரே சாம்பல் மேட்டில் சுருண்டு படுக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் இது ஒரே பூச்சி. குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே தொற்றுகிறது. உங்கள் நாய்க்கு மட்டும் வைத்தியம் செய்வது, ஒரு பாத்தியில் மட்டும் களை பிடுங்குவது போன்றது. நாலைந்து வீட்டார் பேசி ஒரே நாளில் தொடங்குங்கள். படுக்கும் சாக்கைச் சுடுநீரில் அலசி வெயிலில் காயவிடுங்கள். சுருண்டு படுக்கையில் காதில் படும் வால் நுனியிலும் பூச்சி ஒட்டியிருக்கும். அதையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில், பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினி ஆகியவற்றைக் காதில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது வைத்தியமல்ல, கொடுமை. காது எரிந்து புண்ணாவதுடன், நாய் நக்கி நஞ்சாகிச் சாகவும் கூடும். எண்ணெயில் கற்பூரம் கலப்பதும் ஆகாது. அது நாய்க்கு நஞ்சு. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்ரின் ஊசிமருந்து மிஞ்சியிருந்தால் அதையும் தொடாதீர்கள். அதில் ஒரு மில்லிலீற்றர் 50 கிலோ மாட்டுக்கான அளவு. கைக்கணக்கில் நாய்க்குக் கொடுத்தால் அளவு தப்பிவிடும். சில நாயினங்களுக்கு அது சிறிதளவிலும் ஆபத்து.

தலையை ஒருபக்கம் சரித்து வட்டமிட்டு நடக்கும் நாய்க்குச் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அதற்கு எண்ணெயும் விடக்கூடாது. உதறி உதறி மடலுக்குள் இரத்தம் தேங்கி காது பலூன் போல் வீங்கினால் முள்ளால் குத்தி வடிக்காதீர்கள். இவ்விரண்டுக்கும் கால்நடை வைத்தியரே வேண்டும். சிற்றுண்ணிக்குக்கூட, கழுத்துத் தோலில் விடும் செலமெக்ரின் போன்ற துளிமருந்துகள் எண்ணெயைவிட விரைவானவை. வைத்தியர் முகாம் பக்கம் வரும் நாள் தெரிந்தால், காசு சேர்த்து எல்லா நாய்களையும் ஒன்றாகக் காட்டுவது இலாபம்.

நாலாம் வாரம் முடிந்ததும் அதே கறுப்புக் கடதாசியில் மறுபடி தட்டிப் பாருங்கள். எதுவும் அசையாவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், பூனையின் காதையும் சேர்த்து.