தொண்டைத் தண்ணீர் வற்றும் வேலை

கறம்பக்குடி பேருந்து நிலையத்தில் காலை எட்டரை மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பட்டுக்கோட்டை, ஆலங்குடி, புதுக்கோட்டை என்று இழுத்துக் கூவும் நடத்துநர், பூ விற்கும் அம்மா, பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கு விரையும் டீச்சர் என்று ஊரில் பாதிப் பேர் தொண்டையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். சாயங்காலம் அதே டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தால் குரல் கரகரக்கும். "தொண்டை கட்டிடுச்சு" என்பார். பனங்கற்கண்டும் மிளகும் வாயில் ஒதுக்கிக்கொள்வார். மறுநாளும் அதே கதைதான்.

பனங்கற்கண்டோடு எனக்குப் பகையில்லை. எச்சில் ஊறும், இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். அவை இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். பெண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 தடவை அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. 40 நிமிட வகுப்பில் பாதி நேரம் குரல் ஒலித்தாலே இரண்டு லட்சம் மோதல்களைத் தாண்டிவிடும். கத்தினால் மோதலின் வேகமும் கூடும். உள்ளங்கையில் மண்வெட்டிப் பிடி காய்ப்பு ஏற்றுவதுபோல, நாண்களின் ஓரத்தில் சிறு முடிச்சுகள் வரும். அப்புறம் குரல் உடையும், உச்சத்தில் காற்றுதான் வரும்.

தண்ணீர் குடிக்கச் சொல்லாதவர் இல்லை. நல்ல யோசனைதான், உடம்பில் ஈரம் இருந்தால்தான் நாண்களிலும் ஈரம் இருக்கும். ஆனால் கழிப்பறையை நினைத்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் டீச்சரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? தொண்டைக்கட்டு தொண்டையில் தொடங்குவதில்லை என்பது என் கட்சி. ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, சாலையில் ஹாரன். இவற்றையெல்லாம் ஒரு மனுஷி தன் குரலால் அமுக்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் குரல் கோளாறுள்ள 44 ஆசிரியர்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரு சாராருக்குத் தொண்டைப் பராமரிப்பு அறிவுரை, இன்னொரு சாராருக்கு உடம்பில் மாட்டிக்கொள்ளும் மைக். ஆறு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் கண்டவர்கள் மைக் வாங்கியவர்கள்தான். இடுப்பில் கட்டும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஸ்பெயினில் வேலையால் வரும் குரல் நாண் முடிச்சு, 2006ஆம் ஆண்டு ஆணைப்படி தொழில்நோய். நம் நாட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் காது கெடுவது உண்டு. பேசிப் பேசிக் குரல் கெடுவது இல்லை. ஆகவே இழப்பீடு கேட்பது கடினம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கவேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை வேண்டும் என்கிறது. இரண்டு வகுப்பை ஒரே கூடத்தில் அடைப்பதை எதிர்த்துக் கேட்க அது போதும். தனியார் வேலையில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், தகுதிக்கேற்ப சிகிச்சையும் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. மருத்துவச் சீட்டில் "குரல் ஓய்வு" என்று எத்தனை நாள் என்பதோடு எழுதி வாங்குங்கள். விடுப்புக்கு அதுதான் ஆதாரம்.

குரல் கட்டிய நாளில் குசுகுசுவென்று பேசுவதும் தவறு. அதுவும் நாண்களை இறுக்கும். அடிக்கடி செருமவும் வேண்டாம். மெல்லிய குரலில் குறைவாகப் பேசுங்கள்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். மூச்சுத் திணறல், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம் இருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கவேண்டாம். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு அவசரம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். குழாய்க் கேமராவில் நாண்களைப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். முடிச்சு என்றதும் கத்தி என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் முதலில் தருவது குரல் பயிற்சியும் ஓய்வும்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டியோடு டீச்சர்களுக்கு மைக்கும், சத்தமில்லாத மின்விசிறியும், பூட்டுப் போடாத கழிப்பறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.