பார்த்துக்கொண்டு நிற்பதால் என்ன பயன்?

ஒரு சோதனைச் சாவடி. ஒரு பக்கம் துப்பாக்கி ஏந்திய சிப்பாய். எதிரே, அடையாள அட்டையை நீட்டியபடி ஒரு தாய். சற்றுத் தள்ளி மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். அவரிடம் ஆயுதம் இல்லை. யாருக்கும் கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. கையில் ஒரு குறிப்பேடும் பேனாவும் மட்டும் இருக்கின்றன. அந்தத் தாய்க்கு இவரால் என்ன நன்மை?

பாலஸ்தீனத்திலும் இலங்கையிலும் இப்படி நின்ற தொண்டூழியர்களைப் பற்றியது இக்கட்டுரை. நடப்பதை ஒருவர் பார்ப்பதால் மட்டுமே நடப்பது மாறிவிடுமா? சில வேளைகளில் மாறுகிறது, சில வேளைகளில் மாறுவதில்லை. எப்போது மாறுகிறது என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

மேற்குக் கரையில்

2001ஆம் ஆண்டு, இஸ்ரேலியப் பெண்கள் சிலர் 'மக்சோம் வாட்ச்' என்னும் குழுவைத் தொடங்கினர். எபிரேய மொழியில் 'மக்சோம்' என்றால் சோதனைச் சாவடி. உறுப்பினர்களில் பலர் அங்கு நிற்கும் சிப்பாய்களுக்குப் பாட்டி வயதுடையவர்கள். முறை வைத்துச் சாவடிக்குச் செல்வார்கள். எத்தனை பேர் காத்திருந்தனர், எவ்வளவு நேரம், யார் திருப்பி அனுப்பப்பட்டார், என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதையெல்லாம் எழுதி வெளியிடுவார்கள். 2002இல் உலகத் திருச்சபைகள் மன்றம் பல நாட்டுத் தொண்டூழியர்களை அங்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அவர்கள் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கி, சாவடிகளில் நின்றனர். பள்ளிப் பிள்ளைகளோடு நடந்தனர். ஆலிவ் அறுவடைக்குப் போகும் விவசாயிகளுடன் சென்றனர்.

அறுவடைக்கு ஏன் துணை வேண்டும்? அக்டோபர் மாதத்தில் விவசாயிகள் தங்கள் தோப்புகளுக்குச் செல்லும்போதுதான் அருகிலுள்ள குடியேற்றங்களைச் சேர்ந்தவர்களின் தாக்குதல்கள் கூடுகின்றன. 2025 அக்டோபரில் மட்டும் 260க்கும் மேற்பட்ட தாக்குதல்களை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மனிதாபிமான அலுவலகம் பதிவு செய்தது. 2006இல் அது கணக்கெடுக்கத் தொடங்கியது முதல் ஒரு மாதத்தில் பதிவான மிக அதிகமான எண்ணிக்கை அதுவே. துணைக்குச் செல்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2024 செப்டம்பர் 6ஆம் தேதி, பெய்தா கிராமத்தில் அய்ஷெனூர் எஸ்கி எய்கி என்ற 26 வயது அமெரிக்கத் தொண்டூழியர் இஸ்ரேலிய இராணுவத்தின் குண்டுக்குப் பலியானார்.

இலங்கையில்

ஆயுதமின்றி நடுவில் நிற்கும் இந்த எண்ணம் ஆசியாவுக்குப் புதிதன்று. கலவரங்களுக்கு நடுவே நிற்க ஓர் 'அமைதிப் படை' வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். அவர் மறைந்தபின் 1957இல் வினோபா பாவே 'சாந்தி சேனா'வைத் தொடங்கினார். அந்த மரபின் தொடர்ச்சியாக 1981இல் கனடாவில் பிறந்தது 'பன்னாட்டு அமைதிப் படையணிகள்' என்னும் அமைப்பு.

அந்த அமைப்பு 1989இல் இலங்கைக்கு வந்தது. அது தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். காணாமற்போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களே கொல்லப்பட்டனர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? வழக்கறிஞர் சங்கத்தின் அழைப்பின் பேரில் வந்த தொண்டூழியர்கள், மிரட்டப்பட்டவர்களின் நிழல்போல உடன் சென்றனர். பின்னர் கிழக்கில் மட்டக்களப்பிலும் பணியாற்றினர். தங்கள் அறிக்கைகளை அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்து, 1998இல் வெளியேறினர்.

2002 பிப்ரவரி 22ஆம் தேதி அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அதைக் கண்காணிக்க நார்வே முதலிய ஐந்து நோர்டிக் நாடுகளின் குழு வந்தது. மறு ஆண்டு 'வன்முறையற்ற அமைதிப் படை' என்ற மற்றோர் அமைப்பு, தன் முதல் களப்பணியை அங்கே தொடங்கியது. மூதூர், வாழைச்சேனை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களில் அதன் தொண்டூழியர்கள் தங்கினர். தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையே வதந்தி பரவும்போது இரு பக்கமும் சென்று பேசினர். புலிகளால் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடி முகாமுக்குச் சென்ற தாய்மாருக்குத் துணையாக நின்றனர்.

சங்கிலியின் கண்ணிகள்

குறிப்பேடு துப்பாக்கியை எப்படித் தடுக்கிறது? அது ஒரு சங்கிலி போன்றது. சாவடியில் நடந்ததைத் தொண்டூழியர் எழுதுகிறார். அது அவருடைய தலைமையகத்துக்குப் போகிறது. அங்கிருந்து தூதரகங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் போகிறது. அவர்கள் அந்நாட்டு அரசைக் கேள்வி கேட்கின்றனர். அரசு தளபதியைக் கேட்கிறது. தளபதி சிப்பாயைக் கேட்கிறார். "இதற்கு நாளை நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்ற நினைப்பு சிப்பாயின் மனத்தில் எழுந்தால், அந்தத் தாய் சாவடியைக் கடந்து வீடு போய்ச் சேரலாம்.

இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயன் இல்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் நகரப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றார். அதன் விளைவாக அங்கே பன்னாட்டுப் பார்வையாளர் குழு அமைக்கப்பட்டது. ஆனால் அக்குழுவின் அறிக்கைகள் இரகசியமானவை. இரு தரப்பினரும் பார்வையாளர்களை அனுப்பிய நாடுகளும் மட்டுமே படித்தன. 2019இல் இஸ்ரேல் குழுவின் அனுமதியை நீட்டிக்க மறுத்தபோது, அதுவும் போய்விட்டது.

கண்கள் அகன்றபோது

2006ஆம் ஆண்டு மே மாதம், மூதூரில் மூன்று தொண்டு அமைப்புகளின் இடங்கள்மீது கையெறிகுண்டுகள் வீசப்பட்டன. வன்முறையற்ற அமைதிப் படையின் அலுவலகமும் அவற்றுள் ஒன்று. ஆகஸ்ட் 4ஆம் தேதி அதே ஊரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அரசுப் படைகளே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அம்மாத இறுதியில் அறிவித்தது. 2009இல் அரசு நியமித்த ஆணைக்குழுவோ இராணுவத்தைக் குற்றமற்றது என்றது. கண்காணிப்புக் குழுவின் பதிவு இல்லாதிருந்தால், இன்று நம்மிடம் ஆணைக்குழுவின் முடிவு மட்டுமே இருந்திருக்கும்.

2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து விலகியதும் கண்காணிப்புக் குழு வெளியேறியது. அதே ஆண்டு செப்டம்பரில், உங்கள் பாதுகாப்புக்கு உறுதி கூற முடியாது என்று அரசு சொன்னதால் ஐக்கிய நாட்டு நிறுவனத்தினரும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டனர். அலுவலக வாசலில் மக்கள் கூடி, போகவேண்டாம் என்று மன்றாடினர். வெளியார் போய்விட்டால் என்ன நடக்கும் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. தன் கடமையில் தவறிவிட்டதாக 2012இல் அந்நிறுவனத்தின் உள்ளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது.

யாருடைய உயிருக்கு மதிப்பு?

இந்த முறையில் ஓர் உறுத்தலும் உண்டு. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இறந்தால் தலைப்புச் செய்தி. உள்ளூர்க்காரர் இறந்தால் ஓர் எண். தொண்டூழியரைக் காப்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். அநீதியான ஒரு கணக்கை வைத்தே அநீதியைத் தடுக்க முயல்கிறோம். ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவரையும் களத்தில் இறக்கி இதை மாற்ற வன்முறையற்ற அமைதிப் படை முயன்றது. ஆனாலும் கணக்கு முழுமையாக மாறிவிடவில்லை.

அந்தக் கேடயம் இல்லாமலே கண்காணித்தவர்களையும் நாம் மறக்கலாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர் மருத்துவர் ராஜினி திராணகம. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவராக, இந்திய இராணுவம், புலிகள், பிற இயக்கங்கள் என எத்தரப்பு செய்ததையும் மறைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21ஆம் தேதி, 35 வயதில், வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதைச் செய்தனர் என்பது பரவலான குற்றச்சாட்டு. வெளியூர்த் தொண்டூழியர் வருவதன் உண்மையான நோக்கம், இத்தகைய உள்ளூர்க் கண்கள் உயிரோடு இருக்க உதவுவதே.

தேக்காவிலிருந்து

சிங்கப்பூரில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் தேக்காவிலேயே குறிப்பேட்டின் வலிமையைக் காணலாம். இங்கே சாவடியும் இல்லை, போரும் இல்லை. ஆனால் வேலையிடத்தில் காயமடைந்து அல்லது சம்பளம் கிடைக்காமல், வழக்கு முடியும்வரை வேலை செய்ய இயலாத வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008 முதல் 'கஃப் ரோடு திட்டம்' வழியாக அவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கி வருகிறது. அங்கே தொண்டூழியர்கள் உணவோடு நிறுத்திக்கொள்வதில்லை. எந்தத் தேதியில் காயம், எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று கேட்டு எழுதுகிறார்கள். தமிழ் தெரிந்த மாணவர் ஒருவர் அங்கே இருந்தால், தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த ஓர் அண்ணன் தன் கதையைத் தன் மொழியிலேயே சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன சங்கிலியில் தொண்டூழியர் ஒரு முனை என்றால், படிப்பவர் மறுமுனை. யாரும் படிக்காத அறிக்கை எந்தச் சிப்பாயையும் தயங்க வைக்காது. மேற்குக் கரையிலிருந்து வரும் ஒரு பக்க அறிக்கையை, நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பொறுமையாகப் படிப்பதும், வதந்தியையும் உண்மையையும் பிரித்தறிந்து பிறருக்குச் சொல்வதும் நம்மால் முடிந்த செயல்களே. நம் பக்கத்தார் செய்த தவறு அதில் இருந்தாலும் அப்படியே படிக்க வேண்டும். நண்பர்களே, வெயிலில் நின்று ஒருவர் எழுதியதைப் படிக்க நாம் பத்து நிமிடம் ஒதுக்கக்கூடாதா?