கணினியில் எழும் வீட்டுக்கு எவ்வளவு விவரம் வேண்டும்?

அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பகுதியில், சாய்ந்தமருது முதல் மருதமுனை வரை கரையோரத் தெருக்களில் பல வீடுகளின் மேற்தட்டிலே தூண்கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். வளவுகள் சிறுத்துவிட்டதால் மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று வீடுகள் மேல்நோக்கி வளர்கின்றன. இளையவளின் முறை வரும்போதுதான் கேள்வி எழுகிறது: அத்திவாரம் எவ்வளவு ஆழம்? தூணுக்குள் எத்தனை கம்பி?

வீட்டின் முப்பரிமாணப் படம் கைபேசியில் இருக்கக்கூடும். யன்னல் திரைச்சீலை, சோபா, பூச்சாடி எல்லாம் அதில் அழகாகத் தெரியும். இன்னொரு மாடியை வீடு தாங்குமா என்று கேட்டால் அந்தப் படத்திடம் பதில் இல்லை.

பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி உலகெங்கும் பரவிவரும் இந்தக் காலத்தில், எதை எவ்வளவு விவரமாக மாதிரிக்குள் வைப்பது என்பதே அத்துறையின் அடிப்படைக் கேள்வி. பிம்மில் தூண் ஒரு கோடு அல்ல. அளவு, பொருள், வலிமை ஆகிய தகவல்களைச் சுமக்கும் உறுப்பு. தகவல் சேரச் சேர உழைப்பும் செலவும் கூடும்.

இதை ஒழுங்குபடுத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008இல் 100, 200, 300, 400, 500 என்று ஐந்து படிகளை வகுத்தது. தூணை வைத்தே பார்க்கலாம். 100இல் அது தனியாக வரையப்படாமலும் இருக்கலாம். எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பது போதும். 200இல் உத்தேச அளவு. 300இல் சரியான அளவும் இடமும். 400இல் கம்பி வெட்டி வளைப்பதற்குத் தேவையான விவரம். 2013இல் பிம்ஃபோரம் அமைப்பு இடையில் 350ஐச் சேர்த்தது: தூணும் உத்தரமும் எப்படி இணைகின்றன, குழாய் எங்கே ஊடுருவுகிறது என்பதை அது காட்டும்.

500ஐ உச்ச நுணுக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, கட்டி முடித்த இடத்தில் சரிபார்க்கப்பட்டது என்பதைக் குறிக்கும். அதேபோல் முழுக் கட்டடத்துக்கும் ஒரே படி என்பதும் தவறு. படிகள் உறுப்புகளுக்கு உரியவை. மாடி எழுப்ப இருக்கும் வீட்டில் அத்திவாரமும் தூணும் உயர்ந்த படியில் இருக்க வேண்டும். கதவுப் பிடிக்கு அது தேவையில்லை.

எண்களைத் துரத்துவதை விட நோக்கத்தைக் கேட்பதே நல்லது என்று பின்னர் தரநிர்ணயங்களும் திரும்பின. 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650, தேவைக்கு மேற்பட்ட தகவலை வீண் என்றே கருதுகிறது. 2020இல் வந்த ஐரோப்பியத் தரநிர்ணயம், எதற்காக, எந்தக் கட்டத்தில், யாருக்காக, எந்த உறுப்புக்கு என்று முதலில் கேட்கச் சொல்கிறது. வடிவத்தோடு எழுத்துத் தகவலையும் ஆவணங்களையும் அது கணக்கில் எடுக்கிறது. கரையோரத்தில் இது மிக முக்கியம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் அது பருத்து கொங்கிறீட்டைப் பிளக்கும். ஆகவே கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீட்டின் தடிப்பு இந்த ஊர்களில் உயிரான தகவல். படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஊர் முழுவதையும் மாதிரியாக்கும்போது கணக்கு மாறுகிறது. அதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே, மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், 2012ஆம் ஆண்டின் இறுதியில் உலக வங்கியின் ஆதரவோடு ஒரு வரைபடப் பணி தொடங்கியது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதில் பங்கெடுத்தது. 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் ஓபன் ஸ்ட்ரீட் மேப் எனும் பொது இணைய வரைபடத்தில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் குறிக்கப்பட்டவை சிலவே: தரையில் அதன் வடிவம், பயன்பாடு, மாடிகளின் எண்ணிக்கை, சுவரும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை. கதவின் வேலைப்பாட்டை அளந்துகொண்டிருந்தால் ஒரு தெருவைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. வெள்ளம் வந்தால் எந்த வீடுகள் நலிந்தவை, ஏறி நிற்க எங்கே மாடி உண்டு என்று கண்டறிய இச்சில தகவல்கள் பெரிதும் உதவும்.

அம்பாறைக் கரைக்கு இதன் பெறுமதி விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இந்த மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்து, பின்னர் அது தளர்த்தப்பட்டது. அந்த நாட்களில் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது வீட்டின் சுவர் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே அளவு.

மிகை விவரம் வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை. துல்லியமாக வரையப்பட்டதைப் பார்ப்பவர் அது முடிவாகிவிட்டது என்று நம்புவார். உத்தேசமாகப் போட்ட யன்னல் அளவை நம்பி ஓடாவி மரத்தை அறுத்துவிட்டால் நட்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

வீடு கட்டுவோர் படவரைஞரிடம் முதலில் கேட்க வேண்டியது அத்திவாரத்தின் ஆழம், தூண்களின் கம்பி விவரம், குழாய்களும் மலக்குழியும் அமையும் இடம் ஆகியவற்றையே. மண்ணும் கொங்கிறீட்டும் மூடுவதற்கு முன் அவற்றை அளந்து, படம் எடுத்து, திகதியோடு பத்திரப்படுத்த வேண்டும். ஊரளவில் இத்தகைய பதிவைச் செய்யவும் ஆளுண்டு: ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்களோடு கல்முனை மாநகர சபையும் பிரதேச செயலகங்களும் கைகோத்து, வட்டாரம் வட்டாரமாக மாடி, சுவர், கூரை, கடலிலிருந்து தூரம் ஆகிய நான்கையாவது பதியட்டும். அடுத்த மாரி மழைக்கு முன் ஒரு வட்டாரத்திலாவது இந்த வேலை தொடங்க வேண்டும்.