எட்டணாப் புத்தகம்



"செமஸ்டர் புக்கைத் திறக்கவே நேரமில்லை, இதில் அரசியல் புத்தகம் வேறயா?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. கதைப் புத்தகம் என்றாலாவது பொழுது போகும். அரசியல், சமுதாயம், உறவுமுறை பற்றிய கட்டுரை நூல் என்றதும், அது மேடையில் பேசுகிறவர்களுக்கு என்று ஒதுங்கி விடுகிறோம். அப்படிப்பட்ட நூலை நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர் எப்படிப் படிப்பது, படித்தால் என்ன கிடைக்கும் என்பதை, நான் படித்த ஒரு நூலை வைத்தே சொல்கிறேன். அது டாக்டர் அம்பேத்கரின் 'சாதியை ஒழிக்கும் வழி'.

முதலில் பார்க்க வேண்டியது, நூல் பிறந்த கதை. லாகூரில் 1922-இல் தொடங்கப்பட்ட 'ஜாத்-பாத் தோடக் மண்டல்' என்ற சங்கம், 1936-ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று மறுத்து விட்டார். மாநாடு நடக்கவில்லை. உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 பிரதிகள், விலை எட்டணா. இரண்டே மாதத்தில் எல்லாம் தீர்ந்து போயின. 1937-இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் குஜராத்தியிலும் மொழிபெயர்ப்பு வந்து விட்டது. மேடையில் பேசப்படாத பேச்சுக்கு இத்தனை வாசகர்கள்!

அடுத்து, நூலின் மையக் கருத்தை நமக்குத் தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். "சாதி என்பது வேலைப் பிரிவினைதானே" என்போருக்கு அம்பேத்கர் சொல்லும் பதில்: அது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து, மேல் கீழ் என்று அடுக்கி வைக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். ஃபிட்டிங், வெல்டிங், டர்னிங் என்று வேலை பிரிந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் ஃபைல் பிடித்தவன் அடுத்த வாரம் லேத்தில் நிற்கிறான். "வெல்டர் மகன் லேத்தைத் தொடாதே" என்று யாரும் சொல்வதில்லை.

ஊரில் அப்படியா? என் தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் முடிதிருத்தும் தொழில். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். "என்ன படிச்சாலும் கடைசியில கத்தி பிடிக்கத்தானேப்பா வரணும்?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது என்ன என்று எனக்கு விளக்கியது இந்த நூல்தான்.

மூன்றாவதாக, எதிர்த் தரப்பையும் படிக்க வேண்டும். அப்பாவுக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு யாரும் மறுத்துப் பேசலையா?" என்பதுதான். பேசினார்கள். காந்தியடிகள் 1936 ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருண நெறி, அதில் எந்தத் தொழிலும் உயர்ந்ததுமில்லை தாழ்ந்ததுமில்லை என்பது அவர் வாதம். ஆனாலும் சீர்திருத்தம் விரும்பும் எவரும் இந்த உரையை ஒதுக்க முடியாது, எட்டணா விலையைக் குறைக்கலாம் என்றும் அவரே எழுதினார். அம்பேத்கரோ அந்த மறுப்பைத் தம் அடுத்த பதிப்பிலேயே சேர்த்து, கூடவே தம் பதிலையும் அச்சிட்டார். முன்னோர் தொழிலை விட்டு வழக்கறிஞரானவர்தானே காந்தி என்பது அந்தப் பதிலில் ஒரு கேள்வி.

அப்பா இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். "எல்லாத் தொழிலும் ஒண்ணுன்னா நல்லதுதான். அப்புறம் ஏன் என்னை மட்டும் பின்வாசல் வழியா வரச் சொல்றாங்க?" என்றார். எந்தத் தேர்விலும் இப்படி ஒரு கேள்வியை நான் பார்த்ததில்லை!

கடைசியாக, நல்ல நூல் அடுத்தவரை மட்டும் கேள்வி கேட்காது, படிக்கிறவனையும் கேட்கும். கலப்பு மணமே சாதிக்கு உண்மையான மருந்து, சாத்திரத்தின் மேலுள்ள நம்பிக்கை உடையாதவரை மக்கள் அந்த மருந்தைத் தொட மாட்டார்கள் என்கிறார் அம்பேத்கர். இப்போது என் அக்காவுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் வந்தால் எங்கள் வீட்டிலும் முதல் கேள்வி, "நம்ம ஆளுங்கதானே?" என்பதுதான். பிறர் வீட்டுப் பின்வாசலில் நிற்கிற நாங்களும் எங்கள் முன்வாசலை யாருக்கோ சாத்தி வைத்திருக்கிறோம். இதை அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. "உன் முறை வரும்போது பார்ப்போம்" என்றார். அக்கா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நண்பர்களே! நூலில் உள்ளதை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எப்போது, யாருக்காக எழுதியது, மறுத்தவர் என்ன சொன்னார், நம் வீட்டுக்குள் அது எங்கே வந்து நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் போதும். சின்னப் புத்தகம்தான், பஸ்ஸில் போகும்போதே படித்து விடலாம். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள். கேன்டீன் டீ என் செலவு!