சொல்லும் பலகையும் – 7: கையில் எதை மிச்சம் வைப்பது?

2015 ஜூலையில் பெல்ஜியத்தில் எழுத்துக் காய்களால் பலகையில் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் பிரெஞ்சு உலகப் போட்டி நடந்தது. வென்றவர் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சுமார் ஒன்பது வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இறுதியில் அவரிடம் தோற்றவர், பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் காபோன் நாட்டு ஆட்டக்காரர். 2024-ல் ஸ்பானிய மொழிப் பட்டமும் ரிச்சர்ட்ஸ் வசமானது.

அசாத்திய ஞாபகசக்தி என்று வியந்து நாம் விலகிவிடலாம். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களையும் அவர் வெல்கிறாரே, அதுதான் கவனிக்க வேண்டியது. பலகையில் எதை வைப்பது என்று யோசிக்கும்போதே, கையில் எது மிஞ்சும் என்றும் கணக்குப் போடுகிறவரே இந்த ஆட்டத்தில் தேறுகிறார்.

கையில் இருப்பது ஏழு காய்கள். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். 20 புள்ளி கிடைக்கிறதே என்று நல்ல எழுத்துகளைக் கொடுத்துவிட்டு மூன்று உயிரெழுத்துகளோடு திண்டாடுவதைவிட, 14 புள்ளிக்கு ஆடி ஏ, இ, ஆர், என், எஸ் போன்றவற்றைக் காப்பாற்றுவது மேல். 'ரெட்டினா' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துகளும் கையில் இருக்க, கூடவே ஒரு எஸ் வந்தால் 'நாஸ்டியர்', 'ரீடெய்ன்ஸ்', 'ஸ்டெய்னர்' என்று ஏழெழுத்துச் சொற்கள் வரிசையாக விழும்.

அந்த எஸ், 100 காய்களில் நான்கே நான்கு. காரணம் உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் காய்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். எஸ்ஸை மட்டும் வேண்டுமென்றே குறைத்தார். இல்லையென்றால் எல்லோரும் பன்மையாக்கியே புள்ளி சேர்த்துவிடுவார்கள். எனவே சில்லறைப் புள்ளிக்காக எஸ்ஸையோ, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காயையோ செலவழிப்பது வீண்.

நீளச் சொல் மட்டுமே கெட்டிக்காரத்தனம் என்றும் நினைக்க வேண்டாம். 2015 நவம்பரில் பெர்த் நகரில் ஆங்கில உலகப் பட்டத்தை வென்ற வெலிங்டன் ஜிகெரே, ஆப்பிரிக்காவின் முதல் உலகச் சாம்பியன். அவரது நைஜீரிய அணி, நான்கைந்து எழுத்துச் சொற்களை வைத்துப் பலகையை இறுக்கிப் பிடிக்கும் ஆட்டத்தைப் பழகியிருந்தது.

இரண்டெழுத்துச் சொற்களோ இன்னும் கூர்மையான ஆயுதம். உயிர்மூச்சு என்று பொருள்படும் சீனச் சொல் ஒன்று க்யூ, ஐ என்ற இரு எழுத்துகளில் ஆங்கில அகராதிக்குள் வந்திருக்கிறது. 10 புள்ளி க்யூவை, எழுத்தை மும்மடங்காக்கும் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் அமைந்தால் 62 புள்ளி!

வி என்ற எழுத்துக்கு அந்த வசதி இல்லை. அதைக் கொண்ட இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. இங்கேதான் தமிழருக்கு ஒரு மகிழ்ச்சி. நம் வெட்டிவேர், 'வெட்டிவர்' என்று ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல்லாக நிற்கிறது. ஆட்டத்தில் இருப்பதே இரண்டு வி காய்கள்தான்; இரண்டையும் அது ஒரே வீச்சில் தீர்த்துவிடும். சுருட்டிலிருந்து போன 'செரூட்'டும் ஏழெழுத்தே.

2019-ல் வந்த காலின்ஸ் ஆங்கில ஸ்கிராபிள் சொற்பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. நாளுக்குப் பத்து வீதம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பதின்மூன்றாம் நாள் முடிந்துவிடும். அதன்பிறகு பலகையை விரியுங்கள்.